நெகட்டிவ் யார் வீட்டில் இருக்கிறது? தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்ப் படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் மாநில அரசின் சார்பில் ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றும் புதிதில்லை. இயக்குநர் பாலு மகேந்திரா தன் கடைசி வருடங்களில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். 'வீடு', 'சந்தியா ராகம்' இரண்டு படங்களின் நெகட்டிவும், அதாவது பிரதிகள் எடுக்க ஆதாரமான மூலப் பிலிமும், இப்போது இல்லை என்று அவரே வருத்தப்பட்டுச் சொன்னார். 2014 பிப்ரவரி 13 அன்று அவர் காலமானார். அவர் கேட்டது கேட்டபடியே நிற்கிறது.

நான் அவருடைய மாணவன் இல்லை. சின்னச் சின்னப் படங்களும் தொலைக்காட்சிக்குச் சில கதைகளும் எடுத்துக் காலம் தள்ளும் பலரில் ஒருவன். இருந்தாலும் அவர் கதையை எடுத்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் தன் இஷ்டத்துக்குப் படம் எடுக்க நினைத்த ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கை எப்படிப் போகும், அதில் எது மிஞ்சும், எது மிஞ்சாது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, மலையாளத்தில் கேமராமேனாகப் பேர் வாங்கி, 1977இல் கன்னடத்தில் 'கோகிலா'வை இயக்கினார். தமிழில் 'அழியாத கோலங்கள்' 1979இல் வந்தது. 1982இல் 'மூன்றாம் பிறை'. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கப்புறம் வருவதைத்தான் உங்கள் துறை கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜனங்களுக்காக ஒரு படம், தனக்காக ஒரு படம் என்று மாறி மாறிப் போகிறது அவர் கணக்கு. 'ரெட்டை வால் குருவி' மாதிரி ஒன்று ஓடினால், அந்தத் தெம்பில் 'வீடு' எடுப்பார். 'வீடு' 1988இல் வந்தது. சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சொந்தமாக வீடு கட்டப் படும் பாடுதான் மொத்தப் படமும். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. தேசிய விருது கிடைத்தது, அர்ச்சனாவுக்கும் கிடைத்தது. அதற்கடுத்த 'சந்தியா ராகம்' தூர்தர்ஷனுக்காகக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. சொக்கலிங்க பாகவதர் கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு உறவினர் வீடு தேடி வரும் கிழவராக நடித்திருப்பார். இடிந்து விழுகிற மாதிரி ஒண்டுக் குடித்தனம், இருப்பதைப் பங்கு போட்டுச் சாப்பிடும் குடும்பம். அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தவர்கள், அந்தக் கிழவர் தெருவில் நடக்கிற நடையை மறக்க மாட்டார்கள்.

2000 வாக்கில் சன் டிவியில் 'கதை நேரம்'. வாராவாரம் ஒரு தமிழ்ச் சிறுகதையை எடுத்துக் குறும்படமாகத் தந்தார். அவர் இயக்கிய சினிமாக்களை எல்லாம் கூட்டினால் இருபத்துச் சொச்சம் வரும். தொலைக்காட்சிக்கு எடுத்த இந்தக் கதைகளின் எண்ணிக்கை அதைவிடப் பெரிது. 2005க்குப் பிறகு எட்டு வருடம் படமே இல்லை. சாலிகிராமத்தில் 'சினிமா பட்டறை' வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2013 டிசம்பரில் 'தலைமுறைகள்' வந்தது. ஸ்டில் கேமரா ஒன்றை வைத்தே படம் பிடித்து, தானே தாத்தாவாக நடித்தார். இரண்டு மாதத்தில் ஆளே இல்லை.

'வீடு' படத்துக்காக நிஜமாகவே ஒரு வீடு கட்டினார்கள். அரைகுறையாக நின்ற அந்தக் கட்டடத்தில்தான் பின்னால் அவருடைய பட்டறை நடந்தது. படத்தில் கட்டி முடிக்கப்படாத வீடு நிஜத்தில் உபயோகத்துக்கு வந்துவிட்டது. அந்தப் படத்தின் நெகட்டிவைத்தான் காப்பாற்ற முடியவில்லை. செங்கல் நின்றது, பிலிம் நிற்கவில்லை. பிலிமுக்குக் கூரை போட்டுக்கொடுப்பது யார் வேலை என்று நாம் இன்னும் முடிவு செய்யவில்லை.

நெகட்டிவ் எப்படித் தொலைகிறது என்று துறையில் இல்லாதவர்கள் கேட்பார்கள். யாரும் திருடிக்கொண்டு போவதில்லை. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். இயக்குநருக்கு அதில் இடமில்லை. 2010இல் கொண்டுவந்த திருத்த மசோதாவில் முதன்மை இயக்குநரையும் கூட்டு ஆசிரியராக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. 2012இல் சட்டமாகும்போது அந்த வரியைக் காணோம். ஆக, படத்தை எடுத்தவன் கையில் நெகட்டிவ் வராது. தயாரிப்பாளர் பெயரில் அது, பிலிமைக் கழுவிப் பிரதி போடும் லேபில் கிடக்கும். பெரிய கம்பெனி என்றால் ஆள் வைத்துக் கவனிப்பார்கள். சிறு படத் தயாரிப்பாளர் பெரும்பாலும் ஒரே படத்தோடு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். லேபுக்குப் பாக்கி இருக்கும். பாக்கி தீராமல் நெகட்டிவை எடுக்க முடியாது, பாக்கியைத் தீர்க்கும் அளவுக்கு அந்தப் படம் இனி சம்பாதிக்கப் போவதும் இல்லை. அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அந்தப் படத்தின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. 2012, 2013 வாக்கில் தியேட்டர்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட, சென்னையின் லேப்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மூடும்போது உள்ளே இருந்த டப்பாக்களில் வந்து கேட்டவர்களுடையது போயிற்று. கேட்க ஆளில்லாதது கிடந்தது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி இருக்கிறது என்பதும், அதைக் கரைத்து எடுக்கப் பழைய பிலிமை எடைக்கு வாங்க ஆட்கள் இருந்தார்கள் என்பதும் கோடம்பாக்கத்துக்குப் பழைய செய்தி.

எடைக்குப் போகாமல் வீட்டுப் பரணில் தப்பித்த டப்பாக்கள் என்ன ஆகின்றன என்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். மூடி துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பித் திறந்தால் முதலில் வருவது வினிகர் வாடை. கண்ணைக் கரிக்கும். அசிட்டேட் பிலிம் ஈரத்திலும் சூட்டிலும் கிடந்தால் அமிலமாக உடைய ஆரம்பிக்கும், அந்த அமிலமே மீதியையும் சாப்பிடும். ஒரு டப்பாவில் தொடங்கினால் பக்கத்து டப்பாவுக்கும் ஒட்டிக்கொள்ளும். சுருளின் ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும். பிலிம் சுருங்கியிருப்பதால் ஓட்டைகள் புரொஜெக்டர் பல்லில் உட்காராது, வற்புறுத்தி ஓட்டினால் கிழியும். சென்னை மாதிரி ஊரில், கடற்காற்றில், ஏசி இல்லாத அறையில் இது நடந்தே தீரும். குளிரும் ஈரமில்லாத காற்றும் இடைவிடாமல் கொடுத்தால் அதே பிலிம் பல தலைமுறை தாங்கும். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. மின்சாரக் கட்டணம்தான்.

சினிமாவுக்காவது டப்பா இருந்தது. தொலைக்காட்சிக்கு அதுவும் இல்லை. தொண்ணூறுகளில் ஒரு தனியார் தொலைக்காட்சிக்காக ஒரு குறுந்தொடர் எடுத்தேன். வருடங்கள் கழித்து அதைக் கேட்டுப் போனபோது அங்கிருந்தவர் மரியாதையாக உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, விஷயத்தைச் சொன்னார். "டேப்பு காஸ்ட்லி சார் அப்ப. ஒளிபரப்பு முடிஞ்சா அது மேலயே அடுத்ததைப் பதிஞ்சிருவாங்க." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் காலத்தில் ஊரெல்லாம் அதைத்தான் செய்தார்கள். அதற்கு முன்னால், எழுபதுகள் வரை, பிபிசியே அதைச் செய்திருக்கிறது. என் தொடரின் மிச்சம் இன்று இருப்பது நாயகியாக நடித்த பெண்ணின் அக்கா வீட்டு விசிஆரில் பதிந்துவைத்த ஒரு கேசட்டில்தான். சோப்பு விளம்பரமும் நடுவில் போன கரண்டும் சேர்த்து. கடைசிப் பகுதி அதிலும் இல்லை. அன்றைக்கு அவர்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டார்களாம்.

இதைச் சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் பெரிது. சுயாதீனமாக வேலை செய்யும் இயக்குநருக்குப் படத்துக்கும் படத்துக்கும் நடுவே ஐந்து வருடம், எட்டு வருடம் ஓடும். அந்த நடு வருடங்களில் அவன் சும்மா இருப்பதில்லை. டெலிபிலிம், தொடர், ஆவணப்படம், விளம்பரம், எங்காவது வகுப்பு எடுப்பது என்று வீட்டு வாடகை அங்கிருந்துதான் வருகிறது. கை பழகுவதும் அங்கேதான். தியேட்டருக்கு வந்ததை மட்டும் எடுத்துவைத்தால் அவன் வேலையில் பாதிகூடத் தேறாது. தமிழில் தொலைக்காட்சியை ஒரு கலையாக நினைத்துச் செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் சிலருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. நாகாவின் 'மர்மதேசம்' தொடருக்குப் பின்னால் பாலச்சந்தர் தரப்பின் மின்பிம்பங்கள் நிறுவனம் நின்றது. அதனால் இன்றைய பிள்ளைகளும் யூடியூபில் பார்த்துவிட்டு இரவில் பயப்படுகிறார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனையோ நாடகங்கள் வந்து போயின. பின்னால் நிறுவனம் இல்லாதவர்கள் செய்ததெல்லாம் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. நினைவு உள்ளவர்களுக்கும் வயதாகிறது.

சினிமாவை அரசு மறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சிறு முதலீட்டில் எடுக்கும் தரமான படங்களுக்கு 7 லட்சம் ரூபாய் மானியம் கொடுக்கிறீர்கள். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் பயிற்சி நிறுவனம் நடத்துகிறீர்கள். பூந்தமல்லிப் பக்கம் 140 ஏக்கரில் திரைப்பட நகரம் என்று 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. விருதும் உண்டு, சின்னத்திரைக்கும் சேர்த்தே உண்டு. 2009 முதல் 2014 வரையிலான விருதுகளை 2022 செப்டம்பரில் கலைவாணர் அரங்கத்தில் கொடுத்தீர்கள். பதின்மூன்று வருடம் கழித்து வந்தாலும் விருது விருதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு சந்தேகம். மேடையில் பெயர் வாசித்த அந்தப் படங்களை எல்லாம் அடுத்த நாள் காலையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் அரசிடம் ஒரு பிரதி இருந்ததா? பரிசு கொடுத்தவருக்கே படம் கையில் இல்லாத நிலைமை எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

புத்தகத்துக்கு நாம் இப்படிச் செய்யவில்லை. 1954ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாராவுக்குப் போக வேண்டும். மூன்றாந்தரத் துப்பறியும் நாவலும் போகும், கோழி வளர்ப்புக் கையேடும் போகும். நல்லது கெட்டது பார்ப்பது நூலகத்தின் வேலை இல்லை. படங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. தேசிய விருது வாங்கிய படம் என்றால் புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஒரு பிரதி கேட்டு வாங்கும். விருது வாங்காத சிறு படத்தின் கதி? பிரான்சில் 1970களிலிருந்தே திரைக்கு வரும் படத்தின் பிரதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் சலச்சித்ர அகாதமி திருவனந்தபுரத்தில் காப்பகம் வைத்து, பழைய படங்களை மீட்டெடுத்துத் தங்கள் விழாவிலேயே திரையிடுகிறது.

வைத்திருப்பதால் என்ன பயன் என்று நிதித்துறை கேட்கும். அதற்கு அரவிந்தனின் 'தம்பு'தான் என் பதில். 1978இல் வந்த மலையாளப் படம். மூல நெகட்டிவ் கிடைக்கவில்லை. புனே காப்பகத்தில் ஒரு 35 எம்.எம். பிரதி இருந்தது. அதிலிருந்து எடுத்த நகல் நெகட்டிவை வைத்து மும்பையின் பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் அதை மீட்டெடுத்தது. 2022இல் கான் விழாவில் திரையிட்டார்கள். ஒரு பிரதியை ஒரு அலமாரியில் யாரோ வைத்திருந்தது போதும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' மௌனப்படம் இன்றைக்கு இருப்பதற்குக் காரணம் வழக்கு. படத்துக்கு மூலமான நாவலை வெளியிட்டவர்கள் உரிமைக் கேஸ் போட்டு, படப் பிரதி ஜப்தியாகி, புத்தகக் கடையின் கிடங்கில் நாற்பது வருடம் கிடந்தது. 1974இல் புனேக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். வழக்கு இல்லாததால் நம் 'காளிதாஸ்' போயிற்று. தமிழின் முதல் பேசும் படம், 1931. பாட்டுப் புத்தகமும் விளம்பரமும் மிஞ்சின. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' மௌனப்படம் அதற்கும் முந்தியது. அதில் மிஞ்சியது பெயர்தான். நூறு வருடத்துக்கு முந்தைய படம் போனதைக்கூட விட்டுவிடலாம், அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்று. 1988இல் தேசிய விருது வாங்கிய படத்தின் நெகட்டிவ், எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே போனதற்கு என்ன சமாதானம் சொல்வது?

இப்போது எல்லாம் டிஜிட்டல்தானே, தொலையாதே என்று அதிகாரிகள் சிலரே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நிலைமை நேர்மாறாக இருக்கிறது. இன்றைய சிறு படத்தின் மூலப் பிரதி என்பது இயக்குநர் வீட்டு பீரோவில், புடவைகளுக்கு நடுவில் இருக்கும் ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க். ஓட்டாமல் வைத்தால் சில வருடத்தில் அது திறக்காமல் போகலாம். முன்னறிவிப்பு எதுவும் தராது, வினிகர் வாடைகூட வராது. பெரிய நிறுவனங்கள் எல்டிஓ என்கிற கணினிக் காந்த நாடாவில் ஏற்றிவைக்கின்றன. அதிலும் எட்டாம் தலைமுறைக் கருவி (எல்டிஓ 8) ஆறாம் தலைமுறை நாடாவை (எல்டிஓ 6) படிக்காது. சில வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய நாடாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தனி மனிதன் தன் ஆயுள் முழுக்க இதைச் செய்ய முடியாது. நிறுவனத்தால்தான் முடியும். ஓடிடியில் இருக்கிறதே என்பார்கள். ஒப்பந்தம் முடிந்த அன்று எடுத்துவிடுவார்கள், யாரிடமும் கேட்க மாட்டார்கள்.

அதனால் நான் கேட்பது மிகச் சின்ன ஏற்பாட்டிலிருந்து தொடங்கட்டும். மானியத்துக்கு விண்ணப்பிக்கும் படத்தைக் குழு எப்படியும் போட்டுப் பார்க்கிறது. பார்த்த பிரதியைத் திருப்பிக் கொடுக்காமல், தரமான டிஜிட்டல் பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மானியம் கிடைக்காத படத்தினுடையதையும் வாங்குங்கள். குழுவுக்குப் பிடிக்காத படத்தைத்தான் நாற்பது வருடம் கழித்து யாராவது தேடுவார்கள். மாநில விருதுக்கு வரும் சின்னத்திரைத் தொடர்களுக்கும் இதே நிபந்தனை வையுங்கள். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, விண்ணப்பப் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும். உரிமை தயாரிப்பாளரிடமே இருக்கட்டும். அரசு அதைத் திரையிடவோ விற்கவோ போவதில்லை, உரிமையாளர் சம்மதித்தால் மாணவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான் என்று எழுத்தில் கொடுங்கள். திருட்டுப் பிரதி பயம் உள்ள தயாரிப்பாளர்களுக்கு அது முக்கியம். அவர்கள் பயம் நியாயமானதும்கூட.

திரைப்பட நகர வரைபடத்தில் படப்பிடிப்புத் தளமும் ஹோட்டலும் கட்டாயம் இருக்கும். அதில் ஒரு மூலையில், வெள்ளம் ஏறாத உயரத்தில், இருபத்து நாலு மணி நேரமும் குளிர் நிற்கிற ஒரு கிடங்கு வேண்டும். ஜெனரேட்டரோடு. சென்னையில் வெள்ளம் ஏறாத உயரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், 2015ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அங்கே வேலைக்கு வருபவர்களுக்குப் பிலிமைக் கையில் தொடத் தெரிய வேண்டும். மூடிய லேப்களில் நெகட்டிவை வெட்டி ஒட்டிய கட்டர்கள், பிரதியின் நிறத்தைச் சரிசெய்த கிரேடர்கள் இன்னும் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இருக்கிறார்கள். சிலர் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். டப்பாவை மோந்து பார்த்தே பிலிமின் வயதைச் சொல்லக்கூடியவர்கள். பத்து வருடம் கழித்துக் கூப்பிட்டால் வர மாட்டார்கள், இருக்க மாட்டார்கள்.

உங்கள் துறையின் பெயரிலேயே 'தமிழ் வளர்ச்சி' இருக்கிறது. ஓலைச்சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களுக்குச் சிலை வைத்த மாநிலம் இது. 'கதை நேர'த்தில் வந்தவை தமிழ்ச் சிறுகதைகள்தான். 'சந்தியா ராக'த்தின் கிழவர் பேசுவதும் தமிழ்தான். எண்பதுகளில் ஒரு சென்னைக் குடும்பம் சிமெண்டுக்கும் கடனுக்கும் எப்படி அலைந்தது, என்ன மொழியில் சண்டை போட்டது என்று நாளைக்கு ஒரு ஆராய்ச்சி மாணவி தெரிந்துகொள்ள நினைத்தால் அவளுக்கு 'வீடு' படம்தான் ஏடு.

கடைசியாக ஒரு காரியம். இந்த விஷயத்தை நான் அங்கங்கே பேசுவதால், சிலர் என்னைத் தொடர்புகொள்கிறார்கள். அப்பா எடுத்த படம் சார், டப்பா வீட்டில் இருக்கிறது, வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம், எங்கே கொடுப்பது என்று கேட்கிறார்கள். புனேக்கு எழுதிப் போடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர் அதற்கு மேல் நகர்வதில்லை. காப்பகம் கட்டி முடியும்வரை, ஏசி உள்ள ஒரு அறையையும் பொறுப்பான ஒரு அலுவலரையும் தரமணி வளாகத்தில் இந்த நிதியாண்டுக்குள் ஒதுக்கித் தர முடியுமா? டப்பாவோடு வருகிறவர்களை அங்கே அனுப்புகிறேன். பட்டியல் எழுதும் வேலைக்கு நானும் என் நண்பர்களும் சம்பளமில்லாமல் வந்து உட்காரத் தயார்.

இப்படிக்கு,
சாலிகிராமத்திலிருந்து ஒரு சுயாதீனத் திரைப்பட, தொலைக்காட்சி இயக்குநர்